சோதனையில் தேறிய மாப்பிள்ளை

குவாண்டம் பெட்டிக்குள் விதவிதமாக எதையாவது போட்டு, வெளியே வருவதை வைத்து அதன் குணத்தைக் கணிப்பது குழலியின் வேலை. இப்போதெல்லாம் மாப்பிள்ளையையும் அப்படித்தான், ஆளை நகலெடுத்துச் சோதித்துப் பார்க்கிறார்கள். பெண் பார்க்க வந்தவர்களில் அவள் பாட்டை “நல்லா இருக்கு” என்று சொன்ன ஒரே ஆள் செந்தூரன். அவனுடைய நகல்களை ஆசையோடு சோதித்தாள். ஒரு நகலுக்கு உப்புக் காபி, இன்னொன்றுக்குக் கருகிய தோசை, அடுத்ததற்கு மாமியாரின் அறிவுரை. எல்லா நகலும் “நல்லா இருக்கு” என்றன.

எதைப் போட்டாலும் ஒரே பதில் தரும் பெட்டியை ஆபீஸில் பழுதென்று ஒதுக்கிவிடுவார்கள். அப்படியானால் தன் பாட்டு? “பழுதும்மா” என்று குழலி சோதனை முடிவை அம்மாவிடம் நீட்டினாள்.

முடிவைப் பார்த்த அம்மா பூரித்துப்போனாள். “இதுல என்னடி பழுது? உங்கப்பாவை இந்தப் பதத்துக்குக் கொண்டுவர எனக்கு எத்தனை வருஷமாச்சு! ஏங்க, மாப்பிள்ளை எப்படி?”

உப்பில்லாத உப்புமாவிலிருந்து தலை நிமிராமல் அப்பா சொன்னார்: “நல்லா இருக்கு.”