கடிக்காத குழந்தை

ஜெசிந்தா சிஸ்டரின் முன்னங்கை முழுக்கக் குழந்தைகளின் பல் தடங்கள். மூச்சுத் திணறும் பிள்ளையின் முகத்தில் நெபுலைசர் மாஸ்க்கை வைத்து அழுத்தினால் எதுவும் சும்மா இருக்காது. உதைக்கும், பிறாண்டும், கடிக்கும். இதழினி மட்டும் மாஸ்க் நெருங்கியதுமே கண்ணை இறுக மூடிக்கொண்டாள். இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டாள். மருந்துப் புகை வந்தபோது மூச்சை இழுக்கவேயில்லை. உதடு நீலம் பாரித்தது.

"எவ்ளோ சமத்து பாருங்க சிஸ்டர்," என்றான் கட்டிலருகே நின்ற அப்பன். "வீட்ல இருமுனாக்கூட வாயில கைய வச்சா போதும், கப்சிப்னு ஆயிடுவா."

சிஸ்டர் மாஸ்க்கை எடுத்து எறிந்தாள். அது அழுந்திய தடத்துக்கு வெளியே, கன்னத்தில், பழைய விரல் தடங்கள் நான்கு. தன் கையைக் குழந்தையின் வாயருகே நீட்டினாள்.

"கடிடீ தங்கம்."

இதழினி அப்பனைப் பார்த்தாள்.

"அங்க என்ன பார்வை? பலமாக் கடி."

பல் மெல்லப் பதிந்தது. பிறகு இறங்கியது. குழந்தையின் தாடையைப் பிடிக்கப் பாய்ந்த அப்பனை, மறுகையால் சட்டையைக் கொத்தாகப் பிடித்துச் சுவரோடு தள்ளினாள் சிஸ்டர். மணிக்கட்டில் ரத்தம் வழிந்தது. அவள் கையை இழுக்கவில்லை. கடித்தபடியே, மூக்கு விடைக்க, இதழினி மூச்சை இழுத்தாள்.