ஓடாத முள்

பெண் பார்க்கப் போவதற்காக, பக்கத்து வீட்டுப் புனிதமலர் அன்ரியிடம் அவரது மகன் கொலின்சின் கைமணிக்கூட்டை இரவல் வாங்கினேன். ஸ்டீல் பட்டி, முகத்துக்குள் மூன்று சின்ன வட்டங்கள்.

"கவனம் தம்பி" என்றார், அலுமாரியிலிருந்து எடுத்துத் தந்தவர்.

வவுனியாவில் பஸ்ஸால் இறங்கி முகம் கழுவியபோது தண்ணீர் பட்டுவிட்டது. துடைத்துப் பார்த்தேன். நேரம் சரி, நீளமான சிவப்பு முள் மட்டும் ஓடவில்லை. பெண் வீட்டுத் தேநீர்கூட இறங்கவில்லை.

திரும்பும் வழியில் மணிக்கூட்டுக் கடைக்கு ஓடினேன். கடைக்காரர் சிரித்தார்.

"பழுதில்லை, தம்பி. இது ஓடுறவைக்கு நேரம் பாக்கிற முள், பொத்தானை அமத்தினாத்தான் ஓடும்."

கீழ்ப் பொத்தானை அமத்தினார். முள் பன்னிரண்டுக்குத் தாவியது. மேல் பொத்தானை அமத்தினார், ஓடியது.

"ஓடட்டும், விடுங்கோ" என்றேன்.

தண்ணீர் பட்டதைச் சொல்லாமல் அன்ரியிடம் நீட்டினேன். ஓடும் முள்ளைக் கண்டதும் அவர் கதிரையில் இருந்துவிட்டார்.

"அந்த முள் நிண்டது, அவன் அண்டைக்குக் காலமை கரையில ஓடிப்போட்டு நிப்பாட்டின நேரம். பிறகு கடலுக்குப் போனவன் வரேல்லைத்தானே..."

நீட்டிய மணிக்கூட்டை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

"மனம் பொறுக்காமல் நான் அதை வடிவாப் பாக்கேல்லை. நீதானே நாள் முழுக்கக் கட்டியிருந்தனி. எத்தினையில நிண்டது?"

முள் ஓடுகிறதா என்றுதான் நாள் முழுக்கப் பார்த்தேன். எங்கே நிற்கிறதென்று பார்க்கவேயில்லை.

"நாப்பத்தேழாவது செக்கனில, அன்ரி."

நாற்பத்தேழு வரும்வரை காத்திருந்து பொத்தானை அமத்தினேன். அன்ரி அதை வாங்கிக் கண்களில் ஒற்றிக்கொண்டார்.