டிவியில் வந்த அப்பா

என் மகன் பரிதி கம்ப்யூட்டரில் துப்பாக்கி விளையாட்டு ஆடுவான். அதை ஆயிரக்கணக்கான பேர் செல்போனில் பார்ப்பார்கள். பட்டினி கிடக்கிறானே என்ற வயிற்றெரிச்சலில் நான் கதவுக்கு வெளியே நின்று, "சோத்துக்கு வாடா, கண்ணு அவிஞ்சி போயிரும்" என்று திட்டியதெல்லாம் அவர்களுக்குக் கேட்டிருக்கிறது. அது எனக்குத் தெரியாது. அவனுக்குத் தெரியும். அந்தத் திட்டுக்காகவே கூட்டம் சேர்ந்ததாம். பஸ்ஸில் என் குரலைக் கேட்ட ஒருத்தன் திரும்பி, "பெரியவரே, அதே மாதிரி ஒருக்கா திட்டுங்க" என்றான். அன்றோடு வாயை மூடிக்கொண்டேன்.

"ஏம்ப்பா இப்பல்லாம் திட்ட மாட்டேங்குற? எல்லாரும் கேக்குறாங்க."

"அப்பன் பேசுனது உனக்குக் கூத்தாடா?"

கதவைச் சாத்திக்கொண்டு மறுபடி விளையாட உட்கார்ந்துவிட்டான்.

நேற்று அவனை டிவியில் மேடை ஏற்றினார்கள்; நானும் பெண்டாட்டியும் வீட்டில் உட்கார்ந்து பார்த்தோம். "இதோ எங்கப்பா" என்று கையை நீட்டினான். முண்டா பனியன் போட்ட எவனோ ஒருத்தன் கரண்டியோடு ஓடிவந்து என் திட்டைத் திட்டினான். ஒரே கைதட்டல். பரிதி அந்த ஆளைக் கட்டிப்பிடித்துக்கொண்டான்.

சிரித்துச் சிரித்து என் பெண்டாட்டிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"அப்படியே நீங்களேதான்" என்றாள். "சத்தத்த இன்னுங் கொஞ்சம் கூட்டுங்க."