மாலை போட்ட படம்

எங்கள் நாடகக் குழு இருபத்திரண்டு வருடங்களில் பத்தொன்பது நாடகங்கள் போட்டிருந்தது. எல்லாமே குடும்பக் கதைகள். ஆகவே சுவரில் செத்துப்போன அப்பாவின் படம் ஒன்று வேண்டும். முதல் நாடகத்துக்காக எங்கள் குழுவிலிருந்த குருபரன் தன் முப்பத்தாறாவது வயதில், மீசைக்குப் பவுடர் பூசி நரைக்க வைத்துப் படம் எடுத்துக்கொடுத்தார். பிறகு எல்லா நாடகங்களிலும் பிளாஸ்டிக் மாலையோடு அவரே தொங்கினார். உயிரோடிருப்பவருக்கு மாலை போடுகிறார்களே என்று அவர் மனைவி செண்பகவல்லி ஒரு நாடகத்தையும் பார்க்க வந்ததில்லை.

போன ஆடியில் குருபரன் இறந்துபோனார். இருபதாவது நாடகத்தில் அந்தப் படத்தை மாட்ட எங்களுக்கு மனம் வரவில்லை. வெறும் ஆணியை அப்படியே விட்டுவிட்டோம்.

அன்று செண்பகவல்லி வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். திரை விலகியதும் சுவரைப் பார்த்தார். எழுந்து நின்றார். மூத்த மகன் வேஷத்தில் இருந்த நான் வசனத்தை நிறுத்தினேன்.

“அவுக படம் எங்க?”

“உள்ள இருக்குக்கா. இப்பப் போய் எப்படி மாட்டுறதுன்னுதான்...”

“அதைப் பாக்கத்தான வந்திருக்கேன். மாட்டுங்க.”

நான் உள்ளே போய்ப் படத்தை எடுத்துவந்தேன். ஆணிக்கு நேராகத் தூக்கியபோது பின்னாலிருந்து அவர் குரல் மறுபடி கேட்டது.

“மாலைய மட்டும் கழத்திருங்க.”