மூன்று தட்டுக் கறி

கிழவர் சாலியின் தட்டையும் வழித்து நக்கிவிட்டு, சேஃப் அடுத்ததாக நஜியேயின் தட்டைப் பார்த்தான். அவன் தாடையில் பன்றிக் கொழுப்பு வழிந்துகொண்டிருந்தது.

அல்பேனியாவில் கடவுளே கிடையாது என்று அரசாங்கம் முடிவு கட்டி ஆறு வருஷமாகிறது. ஷ்கோடர் நகரத்தில் பள்ளிவாசலும் மாதா கோயிலும் கிடங்குகளாகிவிட்டன. அப்படியும் இந்தப் புகையிலை ஆலையில் யாராவது மனசுக்குள் எதையாவது ஒளித்து வைத்திருக்கிறார்களா என்று பார்க்கத்தான் இன்றைய பன்றிக் கறி விருந்து.

"தட்டு காலியாகணும் தோழர்களே!" கட்சிச் செயலாளர் முஹர்ரெம் நோட்டுப் புத்தகமும் கையுமாக மேசை மேசையாக வந்தார். "மிச்சம் வைக்கிறவங்க மண்டைக்குள்ள இன்னும் முல்லா உக்காந்திருக்கான்னு அர்த்தம்!"

முஹர்ரெமின் அப்பாவே முல்லாதான். இதைக் கேட்டுச் சிரித்தவர்களில் பாதிப்பேர் சின்ன வயதில் அவரிடம் ஓதியவர்கள்.

போன வருஷம் மிச்சம் வைத்த பெத்ரி இப்போது சுரங்கத்தில் பாறை உடைக்கிறான். அவன் பெண்டாட்டி பிள்ளைகளை லாரியில் ஏற்றி ஊரைவிட்டே அனுப்பிவிட்டார்கள். நஜியேவுக்கு இரண்டு பெண்கள். கறித்துண்டைக் குத்தி உதடுவரை கொண்டுபோனாள். வாய் திறக்க மறுத்தது.

செயலாளர் முதுகைத் திருப்பினார். அந்த நொடியில் தட்டு மாறிவிட்டது. அவள் முன்னால் சேஃபின் காலித் தட்டு.

"சும்மா பாத்துக்கிட்டே இருந்தா ஆறிப் போயிடும்க்கா," என்றான் வாய் நிறைய. "கறி கண்ணுல பட்டு எத்தன மாசமாச்சு! வீணாக்கலாமா?"

தப்பித்தோம் என்ற நிம்மதியைவிட அருவருப்புதான் அவளுக்குப் பெரிதாக இருந்தது. காலையில் எல்லோரும் ரொட்டியைப் பிட்டபோது இவன் மட்டும் கை வைக்கவில்லை. 'மத்தியானத்துக்கு இடம் வைக்கிறான்டா' என்று பக்கத்து மேசை சிரித்தது. அடச்சீ, நிஜமாகவே அதற்குத்தானா? அடுத்தவளுக்கு உயிர் போகிற நேரத்தில் இவனுக்கு வயிறு!

முதல் தட்டை இவன் முன்னால் வைத்தபோது, செயலாளர் அவன் தோளருகே வெகுநேரம் நின்று பார்த்தார். அவருக்கும் இந்தத் தீனி வேடிக்கையாக இருந்திருக்கும்.

முஹர்ரெம் திரும்பி வந்தார். மூன்று காலித் தட்டுகளையும் பார்த்து நோட்டில் குறித்துக்கொண்டார். சேஃபின் முதுகில் ஓங்கித் தட்டினார்.

"பாத்துக்கோங்க! புது மனுஷன்னா இவன்தான்!"

சேஃப் பெரிதாக ஓர் ஏப்பம் விட்டான். கூடமே சிரித்தது. நஜியே முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

விருந்து முடிந்து கை கழுவப் பின்பக்கம் போனாள். அங்கே சுவரைப் பிடித்துக்கொண்டு சேஃப் வாந்தியெடுத்துக்கொண்டிருந்தான். வாந்தி நின்றதும் தொண்டைக்குள் மறுபடி விரலை விட்டான். மறுபடி குனிந்தான். நாற்றம் மூக்கைத் துளைத்தது.

இவ்வளவு நேரம் அடக்கி வைத்ததெல்லாம் அவளுக்குப் பொங்கிவிட்டது.

"தாங்கலையா? மூணு தட்டு! தெருநாய்கூட போதும்னா நிறுத்திடும்டா."

அவன் குழாயைத் திறந்து வாயைக் கொப்பளித்தான்.

"உனக்கென்ன, கிறிஸ்தவ வீட்டுல பொறந்தவன். பல்லு மொளச்ச நாள்லேருந்து பன்னி தின்னவன். உனக்கு இது விருந்து. எனக்கும் சாலி மாமாவுக்கும் உள்ளுக்குள்ள என்ன பாடுன்னு உனக்கு எங்க தெரியப் போகுது?"

சேஃப் நிமிர்ந்தான். கண்கள் சிவந்து கிடந்தன. யாராவது வருகிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்தான். பிறகு அவளுக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னான்:

"எங்களுக்கும் இன்னிக்குக் கறி ஆகாதுக்கா. பெரிய வெள்ளிக்கிழமை."