தெருவுக்கு ஒரு பங்கு

பனிக்காலத்தில் கோத்தகிரியில் தெருவுக்கு இவ்வளவுதான் என்று மின்சாரத்தைப் பங்கு வைத்துக் கொடுத்தார்கள். மீறினால் தெரு முழுக்க இருண்டுவிடும். குறைமாதத்தில் பிறந்த மகளுக்காக சுகிர்தா ஃப்ரிட்ஜையும் விளக்குகளையும் அணைத்துவிட்டு ஹீட்டரைப் போடப் போனாள்.

“இதைப் போட்டால் தெருவே அணைந்துவிடும்,” என்று குரல் கொடுத்தது சுவரிலிருந்த மின் மீட்டர்.

பக்கத்து வீட்டுப் பெள்ளியிடம் ஓடினாள். “எதையாவது அணைங்கண்ணா. பாப்பாவுக்குக் கால் சில்லிட்டுப் போச்சு.”

“எல்லாம் அணைச்சாச்சும்மா. உங்க அண்ணி மூச்சு விடுற மெஷின் ஒண்ணுதான் ஓடுது,” என்றார் அவர், அவள் முகத்தைப் பார்க்காமல்.

சுகிர்தா திரும்பி வந்து, குழந்தையை வெறும் மார்போடு சேர்த்துக் கம்பளியைப் போர்த்திக்கொண்டாள். சுவருக்கு அப்பால் மெஷின் சீராக ஓடிக்கொண்டிருந்தது. அது எப்போது நிற்கும் என்று தான் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருப்பது புரிந்தபோது அவளுக்கு அழுகைகூட வரவில்லை.