நாலு விரல் முடி

குவளைத் தண்ணீர் தலையில் விழுந்ததும் அவளுக்குச் சிலிர்த்தது.

தண்ணீர் உடனே வழிந்து ஓடிவிடவில்லை. முடிக்குள் தங்கி, தயங்கி, பிறகுதான் கழுத்துக்கு இறங்கியது.

நாலரை வருடம் ஏங்கியிருக்கிறாள் இதற்கு.

பழனியில் முடிக்கொட்டகை. எதிரே முடி எடுப்பவர் புது பிளேடை உடைத்துக் கத்தியில் மாட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் கணவன் தனபால், செருப்பில்லாத கால்களை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு நின்றான்.

"மொட்டையா, பூமுடியா?"

"பூமுடி போதும்ணே," என்றான் தனபால் அவசரமாக. மூன்று கொத்து கத்தரித்தால் போதும், முருகன் ஒன்றும் கோபித்துக்கொள்ள மாட்டான் என்று பேருந்தில் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தான்.

அவள் வேண்டிக்கொண்டது மொட்டை.

தலையில் ஒன்றுமே இல்லாதபோது முழு முடியையும் தருகிறேன் என்று சொல்வதற்கு என்ன கஷ்டம்? தாராளமாகச் சொல்லிவிட்டாள்.

கல்யாணமான மறு வருடம், காசளவு வட்டமாக ஆரம்பித்தது. பிறகு இன்னொரு வட்டம். பிறகு புருவம், இமை. உடம்பைக் காக்க வேண்டிய வெள்ளை அணுக்களே முடியின் வேரை எதிரி என்று நினைத்து அடிக்கின்றன என்றார் டாக்டரம்மா. காவலுக்கு வளர்த்த நாய் வீட்டுக்காரியையே கடித்தால் யாரிடம் போய்ச் சொல்வது?

களிம்பு. தலையெல்லாம் ஊசி. விக். கடைசியில், அந்த அணுக்களை அடக்கிவைக்கும் மாத்திரை.

நாலாவது மாதம் ஒரு முடி வந்தது. நரைமுடி. நிறமில்லாத முடியை அணுக்கள் அவ்வளவாகச் சீண்டுவதில்லையாம். ஆபீசில் மற்ற பெண்கள் தேடிப் பிடுங்கிப் போடுவதை, அவள் தனபாலிடம் காட்டி அழுதாள்.

பிறகு கறுப்பும் வந்தது. ஒன்றரை வருடத்தில் நாலு விரல்.

முடி வரட்டும், அப்புறம் பிள்ளை என்று தள்ளிப்போட்டதும் அவள்தான். இப்போது முப்பத்துநாலு வயது. அந்த மாத்திரையைச் சாப்பிடும்வரை பிள்ளை கூடாது. நிறுத்தினால் முடி மறுபடியும் கொட்டலாம். கொட்டாமலும் இருக்கலாம் என்று டாக்டரம்மா சேர்த்துச் சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்.

போன வியாழக்கிழமை கடைசி மாத்திரை.

"மொட்டைதான்ணே," என்றாள்.

தனபால் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் அவன் பக்கம் திரும்பவில்லை. காலையில் எழுந்து தலையணையைப் பார்க்கும் பயம் இன்னொரு தடவை அவளால் ஆகாது. போவதானால் தான் கொடுத்ததாகப் போகட்டும்.

கத்தி நெருங்கியது.

"ஒரு நிமிஷம்."

கைப்பையிலிருந்து சீப்பை எடுத்தாள். ஈர முடியை வாரினாள். நடுவில் வகிடு எடுத்தாள்.

வகிடு நின்றது.

தனபால் அதைப் பார்க்கும்வரை காத்திருந்தாள். பிறகு சீப்பை அவன் கையில் கொடுத்துவிட்டுக் குனிந்தாள்.

மடியில் கறுப்பும் வெள்ளையுமாக விழுந்தது. கொஞ்சம்தான். இவ்வளவுதானா என்று அவளுக்கே இருந்தது. அழக்கூடாது என்று நினைத்திருந்தாள். அழுதாள்.

முடி எடுப்பவர் ஈரக் கையால் அவள் தலையைத் துடைத்துவிட்டார்.

"முடிதானே தாயி. ஆறே மாசம், வந்துரும்."

வரிசையில் வந்து உட்காரும் எல்லாப் பெண்களிடமும் அவர் சொல்வதுதான். அவளுக்கு முன்னால் அழுத பள்ளிக்கூடப் பெண்ணிடமும் இதையேதான் சொன்னார்.

இத்தனை வருடத்தில் அவளிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை.

அடுத்த ஆள் துண்டோடு வந்து நின்றார். அவள் எழுந்திருக்கவில்லை.

"இன்னொரு தடவ சொல்லுங்கண்ணே," என்றாள்.